படகில் ஓர் ஆள் அதிகம்

லிஃப்ட்காரருக்குத் தாடியைப் பிடிக்காது. தாடி வைத்த எல்லோரையும் பிடிக்காது என்று நினைத்துவிட வேண்டாம். அவருடைய சொந்த அண்ணனே மார்புவரை தாடி வளர்த்த மனிதர்தான். பிடிக்காதது ஒரே ஒரு தாடி. அது அவர் மனைவி வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவன் முகத்தில் இருந்தது. அவன் வாரம் தவறாமல் லிஃப்ட்காரர் வீட்டுக்கு வந்தான். லிஃப்ட்காரர் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்து, லிஃப்ட்காரரின் மனைவி போட்ட டீயைக் குடித்துக்கொண்டு, ஒரு தீவைப் பற்றிப் பேசினான்.

அந்தத் தீவு கரையிலிருந்து வெகு தொலைவில் இருந்தது. அரசாங்கம் அதைப் பூங்கா என்று அறிவித்துப் பல வருடமாகிறது. பூங்கா என்றதும் ஊஞ்சலும் புல்தரையும் ஞாபகம் வந்தால் ஏமாந்துபோவீர்கள். பாறை, காற்று, முட்டையிட வரும் கடற்பறவைகள், அவ்வளவுதான். கடை இல்லை, வீடு இல்லை, குடிக்க நல்ல தண்ணீர்கூட இல்லை. கடல் அடங்கியிருக்கும் மாதங்களில் மட்டும் ஒரு கப்பல் அந்தப் பக்கம் போகும். இறங்குவதற்குத் துறை கிடையாது என்பதால் கப்பல் தள்ளியே நிற்கும். பூங்காவின் சின்னப் படகு வந்து ஆட்களையும் சாமானையும் ஒரே நடையில் அள்ளிக்கொண்டு போகும். இரண்டாவது நடைக்குக் கப்பல் காத்திருக்காது. ஒரு வாரம் கழித்து அதே கப்பல் திரும்பும்போது ஏறி வர வேண்டும். மின்விசிறி நின்றால் தூக்கம் வராத மனிதர்கள் இப்படி ஓர் இடத்துக்குப் போக ஏன் தவம் கிடக்கிறார்கள் என்று லிஃப்ட்காரருக்கு விளங்கவேயில்லை.

தவம் கிடந்தவர்களில் முதல் ஆள் அவர் மனைவி. ஆஸ்பத்திரி மருந்தகத்தில், ஒரு கை மட்டும் நுழையும் ஓட்டை வைத்த கண்ணாடிக்குப் பின்னால் நின்று மாத்திரை கொடுப்பவள். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, சாப்பிட்ட பிறகு ஒன்று என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி, வீட்டுக்கு வரும்போது அவளிடம் பேச்சு தீர்ந்துபோயிருக்கும். லிஃப்ட்காரரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. அவளுடைய சுபாவமே அப்படி என்று விட்டுவிட்டார். அப்படிப்பட்டவள் தீவுக்கு அனுமதி கிடைத்த நாளிலிருந்து வாய் ஓயாமல் பேச ஆரம்பித்தாள். அதுவும் தாடியிடம்.

போகிறவர்கள் நான்கு பேர். அவள், தாடி, மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா, ஆஸ்பத்திரி கேன்டீன் மேனேஜர். அனுமதிக்கு எழுதிப் போட்டது, கப்பல் எப்போது என்று விசாரித்தது, எந்தப் பாறையில் எந்தப் பறவை என்று படித்துவைத்தது எல்லாம் அவள்தான். அதனால் தாடி அவளை ‘லீடர்’ என்று கூப்பிட்டான். லிஃப்ட்காரரை ‘அண்ணே’ என்றான். புருஷன் அண்ணன் என்றால் பொண்டாட்டி அண்ணிதானே? அந்த முறை ஏன் இவனுக்குத் தெரியவில்லை? லிஃப்ட்காரர் இந்தக் கேள்வியோடு எத்தனையோ மாடி ஏறி இறங்கினார்.

அவரை ஏன் தீவுக்குக் கூப்பிடவில்லை என்பதற்கும் ஒரு கதை உண்டு. கல்யாணமான புதிதில் இருவரும் ஓர் ஏரியில் படகு ஏறினார்கள். பாதி ஏரிகூடத் தாண்டவில்லை, லிஃப்ட்காரர் குடலே வெளியே வரும்படி வாந்தி எடுத்தார். பக்கத்தில் எட்டிப் பிடிக்க இருந்தது அவளுடைய புதுச் செருப்பு ஒன்றுதான். அன்றிலிருந்து அந்த வீட்டில் தண்ணீர்ப் பேச்சு பக்கெட்டோடு நின்றுவிட்டது. தீவு என்றதும் அவரே முந்திக்கொண்டு, பறவை பார்க்க மொட்டை மாடி போதாதா என்று கிண்டல் செய்தார். அவளும் சிரித்துவிட்டு, அவர் பெயரைச் சேர்க்காமலே எழுதிப் போட்டுவிட்டாள்.

ஆரம்பத்தில் அது அவருக்குச் சௌகரியமாகத்தான் இருந்தது. ஒரு வாரம் வீட்டில் கேட்பாரில்லை. ஆனால் சாப்பாட்டு மேசையில் கடல் வரைபடத்தை விரித்துப் போட்டதிலிருந்து அவர் சமையலறையில் நின்றுகொண்டே சாப்பிட வேண்டியதாயிற்று. வரைபடத்தின் மேல் அவள் விரல் ஒரு பக்கமாகப் போகும். தாடியின் விரல் இன்னொரு பக்கத்திலிருந்து வரும். இரண்டும் ஏதோ ஒரு பாறை இடுக்கில் சந்தித்தவுடன் இருவரும் ஒரே நேரத்தில் “இங்கதான்” என்பார்கள். லிஃப்ட்காரர் அப்போது சோற்றைப் பிசைந்தபடியே நிற்பார். டாக்டரம்மாவின் விரலும் அதே வரைபடத்தில் அலைந்துகொண்டுதான் இருந்தது. அதை அவர் கண் எண்ணிக்கையில் சேர்க்கவில்லை.

போதாததற்கு மச்சினி வேறு. மனைவியின் தங்கை. எரிகிற வயிற்றில் எண்ணெய் ஊற்றுவதற்கென்றே போன் செய்கிறவள்.

“என்ன மாமா, அக்கா தீவுக்குப் போறாளாமே. நீங்க வீட்டுக்குக் காவலா?”

“போயிட்டு வரட்டுமே. எனக்கென்ன” என்றார் அவர்.

“பெரிய மனசு மாமா உங்களுக்கு” என்று அவள் சொன்ன தொனியில் அந்தப் பெரிய மனசு அங்கேயே சுருங்கிவிட்டது. அன்று சாயங்காலம் தாடி வந்தபோது, தீவுல லிஃப்ட் எல்லாம் இருக்கா என்று லிஃப்ட்காரர் ஒரு ஜோக் அடித்துப் பார்த்தார். யாரும் சிரிக்காவிட்டால்கூடப் பரவாயில்லை. தாடி மட்டும் விழுந்து விழுந்து சிரித்தான். நல்ல மனிதனாக வேறு இருந்து தொலைக்கிறானே என்று அவருக்கு ஆத்திரம் இன்னும் கூடியது.

இந்த நிலைமையில்தான் படகின் எடைக்கணக்கு வந்தது. பூங்காவிலிருந்து சொல்லி அனுப்பியிருந்தார்கள்: சின்னப் படகில் ஆள், பை, கூடாரம், குடிதண்ணீர் எல்லாம் சேர்ந்து இவ்வளவு எடைதான் இருக்கலாம், அதற்கு மேல் போனால் ஏற்ற மாட்டோம். படகு வந்து நிற்கும்போது வாதாடிப் பயனில்லை, இங்கேயே நிறுத்துப் பார்த்துக் கொண்டுவாருங்கள். மனைவி அன்றைக்கு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “என்னங்க, எடை விஷயம் உங்க தொழில்தானே. நீங்களே பாத்துச் சொல்லிடுங்க” என்றாள். பல வாரங்களுக்குப் பிறகு அவள் அவரிடம் கேட்ட முதல் உதவி அது. லிஃப்ட்காரருக்கு மார்பு அகலமானது.

லிஃப்ட் மாட்டுவதும் பழுது பார்ப்பதும்தான் வேலை என்பதால் எடை அவர் தொழில்தான், சந்தேகமில்லை. லிஃப்டுக்குள் எட்டுப் பேர் என்று பலகை இருந்தால், ஒன்பதாவது ஆள் ஏறியதும் கயிறு அறுந்துவிடும் என்று அர்த்தமில்லை. கயிறு அதைப்போல் பல மடங்கு தாங்கும். மனிதர்கள் பலகையைப் படிக்க மாட்டார்கள், படித்தாலும் மதிக்க மாட்டார்கள் என்று தெரிந்துதான் குறைத்து எழுதுவார்கள். எந்த வரம்பிலும் அந்தப் பயத்துக்கு ஒரு பங்கு முன்னாலேயே கழிக்கப்பட்டிருக்கும். ஏற்கெனவே கழித்ததை மறுபடி கழிக்கக் கூடாது என்பது அந்தத் தொழிலில் சேர்ந்த அன்றே சொல்லித்தருவது. லிஃப்ட்காரருக்கு அது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் பையும் கையுமாக வந்து சேர்ந்தார்கள். லிஃப்ட்காரர் வேலையிடத்திலிருந்து கொண்டுவந்த எடை இயந்திரத்தைக் கூடத்தின் நடுவில் வைத்து, அதன் முன்னால் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். தண்ணீர் கேன்கள் ஏறின, கூடாரம் ஏறியது, கேன்டீன் மேனேஜரின் அடுப்பும் பாத்திரங்களும் ஏறின. டாக்டரம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு ஏறி நின்றார். மூச்சை இழுத்தால் எடை குறையாது டாக்டரம்மா என்று லிஃப்ட்காரர் சொன்னதற்கு எல்லோரும் சிரித்தார்கள். மனைவியும் சிரித்தாள். கடைசியாகத் தாடி ஏறினான். ஆள் ஆஜானுபாகு. முள் ஒரு தாவு தாவியது.

அந்தத் தாவலைப் பார்த்த நொடியில்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது. அதற்கு முன்னால் அவர் மனதில் அப்படி ஒன்று இல்லை என்று வேண்டுமானால் அவர் சார்பில் சொல்லலாம். கூட்டிப் பார்த்தால் கணக்கு வரம்புக்குள் சுகமாக இருந்தது. அவர் கண்ணை மூடி, விரலை மடக்கி, அந்த வரம்பிலிருந்து லிஃப்டுக்குக் கழிப்பது போல ஒரு பெரிய பங்கைக் கழித்தார்.

“ஒரு ஆள் அதிகம்” என்றார்.

டாக்டரம்மா முள்ளைக் குனிந்து பார்த்தார். அலை, காற்று, படகு ஆடும்போது எடை ஒரு பக்கமாகச் சாய்வது என்று அவர் நிறையச் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே உண்மை போலத் தோன்றியது. பையில் எதையாவது குறைக்கலாமா என்று டாக்டரம்மா கேட்டார். தண்ணீரைக் குறைத்தால் தீவில் நாக்கு வறண்டு சாவீர்கள் என்றார் லிஃப்ட்காரர். அப்புறம் எல்லோருடைய கண்ணும் தாடியின் பக்கம் போகட்டும் என்று காத்திருந்தார். போனது. தாடியும் எழுந்து நின்று, கனமான ஆள் தான்தான் என்பதால் தானே நின்றுகொள்வதாகச் சொன்னான். லிஃப்ட்காரர் மனதுக்குள் பட்டாசு வெடித்தது.

“நீ எப்படி நிப்பே” என்றாள் மனைவி. “கூடாரம் அடிக்கத் தெரிஞ்சது நீ ஒருத்தன்தான். டாக்டர் இல்லாம பூங்காக்காரங்க இறங்கவே விடமாட்டாங்க. சமையலுக்கு மேனேஜர் வேணும். திட்டம் போட ஒரு ஆள் வேணும்னு நான் இருந்தேன். திட்டம்தான் போட்டாச்சே. இனிமே நான் எதுக்கு? நான் நின்னுக்கறேன்.”

யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. அவள் யாரையும் பேசவிடவில்லை. கப்பல் விஷயத்தையெல்லாம் முடிவு செய்த அதே குரலில் இதையும் முடிவு செய்துவிட்டு, டீ போட உள்ளே போனாள். லிஃப்ட்காரர் முக்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். குறி வைத்தது ஓர் இடம், விழுந்தது ஓர் இடம்.

ஆனால் ராத்திரி படுக்கும்போது யோசித்துப் பார்த்தார். தாடி போகட்டுமே. அவள் வீட்டில் இருக்கிறாள். இது இன்னும் நல்லதாயிற்றே? மறுநாள் அவள் கேட்காமலே சினிமாவுக்குக் கூட்டிப்போனார். அடுத்த நாள் வெளியே சாப்பிட அழைத்துப்போனார். அவள் எங்கே கூப்பிட்டாலும் வந்தாள், என்ன கொடுத்தாலும் சாப்பிட்டாள். படம் எப்படி என்று கேட்டால் நல்லாருக்கு என்றாள். கோபித்துக்கொண்டிருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். துவைத்து மடித்த துணி போல ஒரு மூலையில் இருந்தாள்.

தாடியோடு பேசும்போது மட்டும் அவளுக்கு உயிர் வந்தது. இப்போது எல்லாம் போனில். அவளுக்குத் தெரிந்த தீவை முழுக்க அவனுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். இறங்கியவுடன் இடது பக்கம் போகாதே, அங்கே பாறை வழுக்கும். வலது பக்கம் ஏறினால் ஒரு சமதளம் வரும், அங்கே காற்று குறைவு, கூடாரத்தை அங்கே போடு. வெயில் இறங்கும்போது பறவைகள் மொத்தமும் ஒரே நேரத்தில் கடலிலிருந்து திரும்பும், வானம் இருட்டிப்போகும், அப்போது பேசக் கூடாது. அறைக்கதவுக்கு வெளியே நின்று லிஃப்ட்காரர் கேட்டார். ஒரு தடவைகூடப் போகாத இடத்தை, பிறந்து வளர்ந்த வீட்டைச் சொல்வது போல் சொன்னாள். இதில் ஒரு வரியைக்கூட அவரிடம் அவள் சொன்னதில்லை. அவர் கேட்டதும் இல்லை. ஆனால் பொறாமை வந்துவிட்டால் இந்த மாதிரி நியாயமெல்லாம் காதில் ஏறுமா? தனக்கு வர வேண்டியதை எவனோ வாங்கிக்கொண்டு போகிறான் என்றுதான் வயிறு எரிந்தது.

கிளம்ப இன்னும் கொஞ்ச நாள் இருக்கும்போது ஒரு சாயங்காலம், போகிறவர்களின் பெயரை உறுதி செய்ய அவள் பூங்கா அலுவலகத்துக்குப் போன் செய்தாள். லிஃப்ட்காரர் பக்கத்தில் உட்கார்ந்து பழுதான சுவிட்ச் ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தார். மூன்று பேர் என்று அவள் சொன்னாள், மொத்த எடையைச் சொன்னாள். அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“அப்படியா? நீங்களே குறைச்சுத்தான் சொல்லியிருக்கீங்களா?” என்றாள். பிறகு சிரித்தாள். “எங்க வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக்குங்க. தொழில் பழக்கத்துல அவரும் இன்னொரு தடவை குறைச்சிட்டார் போல.” நாலு பேர் தாராளமாக வரலாம், ஐந்தாவதாக ஒருவர் இருந்தாலும் பரவாயில்லை என்று அவர்கள் சொன்னதை அவள் வாய்விட்டுத் திருப்பிச் சொன்னாள்.

லிஃப்ட்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பழி தானாகவே கழன்று விழுந்துவிட்டது. பழக்கத்தில் நடந்த பிழை, அவ்வளவுதான். அசடு வழிய ஒரு சிரிப்பு சிரித்துவிட்டால் வேலை முடிந்தது. அந்தச் சிரிப்பை அவர் தயாராகவும் வைத்திருந்தார். ஆனால் அவள் அவர் பக்கம் திரும்பவில்லை. அந்த போனை வைத்த கையோடு அடுத்த போனைத் தாடிக்குப் போட்டாள்.

“டேய், நானும் வர்றேன்டா” என்றாள்.

‘டா’வா? கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் வாயிலிருந்து ஒரு ‘டா’ அவர் கேட்டதில்லை. தம்பி இல்லாத வீட்டில் பிறந்தவள். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை அவர் ஏரிப் படகு ஏறுவதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறார். அவள் பேசி முடித்துத் திரும்பியபோது அவருடைய சிரிப்பு காணாமல் போயிருந்தது.

“பழக்கத்துல ஒண்ணும் குறைக்கல” என்றார். “தெரிஞ்சுதான் குறைச்சேன்.”

அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

“அவன் நிப்பான்னு நினைச்சேன். கனமான ஆளு அவன்தானே. நீ எந்திரிச்சு நிப்பேன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“தாடிக்காகவா?” என்று கேட்டாள். அவள் சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள். “இத்தனை நாளா நான் எப்படி இருந்தேன்னு பாத்தீங்கல்ல?”

“பாத்தேன்.”

“பாத்துட்டும் சொல்லல.”

அவர் சுவிட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்னத் திருகாணி ஒன்று உருண்டு மேசைக்கு அடியில் போனது. குனிந்து எடுக்கத் தோன்றவில்லை. தன்னிடமிருந்து இப்படி ஒரு வார்த்தை வரும் என்று அவரே எதிர்பார்க்காததைச் சொன்னார்.

“அஞ்சாவது ஆளுக்கு இடம் இருக்காமே. நானும் வர்றேன்.”

“வேண்டாங்க.”

“வாந்திதானே? பல்லக் கடிச்சிக்கிட்டு வந்துடுவேன். உன் செருப்புப் பக்கமே வரமாட்டேன்.”

அவள் கண்ணாடிக்குப் பின்னால் நின்று நோயாளிகளுக்குச் சொல்கிற நிதானத்தோடு, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். “வாந்திக்கு மாத்திரை இருக்கு. படகு ஏறுறதுக்கு முன்னாடி ஒண்ணு போட்டா போதும், பெரும்பாலும் ஒண்ணும் பண்ணாது. கேக்குறவங்களுக்கெல்லாம் நான்தான் எடுத்துக் குடுக்கறேன்.”

“எனக்கு நீ சொன்னதே இல்லையே.”

“சொன்னா நீங்களும் கிளம்பிடுவீங்களே” என்றாள்.

லிஃப்ட்காரர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் கண்ணைத் திருப்பிக்கொள்ளவில்லை.

“தாடி வரலேன்னாலும் நான் போவேன். யாருமே வரலேன்னா இன்னும் சந்தோஷமா போவேன். தனியா விடமாட்டாங்கன்னுதான் மத்தவங்களச் சேத்துக்கிட்டேன். உங்க மேல கோபமெல்லாம் இல்லங்க. ஒரு வாரம் என்னை யாரும் எதுவும் கேக்காத இடத்துல இருக்கணும். அவ்வளவுதான்.”

சொல்லிவிட்டுக் குனிந்து, மேசைக்கு அடியில் கிடந்த திருகாணியைத் தேடி எடுத்து அவர் கையில் வைத்தாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்ன செய்யட்டும் என்று கேட்டாள். தாடியின் மேல் மாதக்கணக்காகச் சேர்த்துவைத்திருந்த ஆத்திரம் போக வழி தெரியாமல் நெஞ்சிலேயே நின்றது. அவன் மேல் தப்பு இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். நாலு வார்த்தை கேட்டுவிட்டு ஆறியிருக்கலாம். ஆளே இல்லாத ஒரு தீவை நிறுத்திவைத்து என்ன கேட்பது? அது என்ன கொடுத்து அவளை மயக்கியது? ஒன்றும் கொடுக்கவில்லையே. அதுதான் அவரால் தாங்க முடியாததாக இருந்தது. அவர் கொடுத்ததெல்லாம் ஒரு பக்கம், ஒன்றும் கொடுக்காத பாறை ஒரு பக்கம், அவள் பாறை பக்கம் போகிறாள்.

கிளம்பும் நாளில் துறைமுகத்துக்கு அவரும் போனார். கேன்களைத் தூக்கி ஏற்றியது பெரும்பாலும் அவர்தான். மற்றவர்களிடம் அவள் பழக்கப் பிழை என்றே சொல்லிவைத்திருந்தாள். எடையில் தப்பே செய்யாத மனிதர் என்ற பெயர் அந்த ஆஸ்பத்திரி வட்டாரத்தில் போய்விட்டது. கேன்டீன் மேனேஜர் அதை வைத்துக் கிண்டல் செய்தபோது அவர் அடுத்த கேனைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

கடைசியில் தாடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான். “அண்ணே, கவலையே படாதீங்க. லீடர நான் பாத்துக்கறேன்.”

லிஃப்ட்காரர் அவன் முகத்தை முதல் தடவையாகச் சரியாகப் பார்த்தார். உண்மையாகத்தான் சொன்னான். அங்கே பக்கத்தில் உட்கார்ந்து பறவை பார்ப்போம், பேசுவோம் என்றெல்லாம் அவனும் நினைத்துக்கொண்டிருக்கிறான். பாவம், தனக்கு யாருமே வேண்டாம் என்று அவள் இவனுக்கு இன்னும் சொல்லவில்லை.

கப்பல் நகர்ந்தது. டாக்டரம்மாவும் மேனேஜரும் பைகளோடு உள்ளே போய்விட்டார்கள். அவர் மனைவி நேராக முன்பக்கம் போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு, கரைக்கு முதுகைக் காட்டி நின்றாள். புடவைத் தலைப்பைக் காற்று இழுத்தது. அவள் அதை இடுப்பில் செருகிக்கொண்டாள். திரும்பவில்லை. தாடி அவள் பக்கம் போனான், ஏதோ சொன்னான், கொஞ்ச நேரம் நின்றான், பதில் வராமல் பின்பக்கமாகத் திரும்பி வந்தான். கரையைப் பார்த்துப் பலமாகக் கையை ஆட்டினான். கப்பலிலிருந்து கையாட்டியது அவன் ஒருவன்தான். லிஃப்ட்காரரும் கையை உயர்த்தி ஆட்டினார்.